பசை மட்டும் வைத்து நோட்டுப் புத்தகம்: தாள் கழலாமல் கட்டுவது எப்படி?

தையல் தெரியாது, தாள்களை அடுக்கி, முதுகில் பசை தடவி வீட்டிலேயே ஒரு நோட்டு செய்தேன், ஒரு வாரம் எழுதுவதற்குள் தாள்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வந்துவிட்டன, பசையை மட்டும் நம்பி உறுதியான நோட்டு செய்யவே முடியாதா என்பது கேள்வி. முடியும். ஊசி, நூல் இரண்டையும் தொடாமல், பல ஆண்டுகள் புரட்டினாலும் ஒரு தாள்கூட உதிராத நோட்டைக் கட்டலாம். அதற்கு வேண்டிய எல்லாம் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும்.

முதலில், கழன்று வந்த தாள் ஒன்றை எடுத்து அதன் முதுகுப் பக்க விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு மழமழவென்று சுத்தமாக இருந்தால், பசை அந்தத் தாளைத் தொடவே இல்லை, அல்லது பெயருக்குத் தொட்டிருக்கிறது. ஒரு தாள் வராமல் நோட்டே நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தால், காய்ந்ததும் விறைத்துப்போகும் பசையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், அல்லது அளவுக்கு மீறித் தடவியிருக்கிறீர்கள். விளிம்பில் காகித நார் பிய்ந்து பஞ்சாக நின்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை; பசை காகிதத்தைவிட உறுதியாகப் பிடித்திருக்கிறது, இழுத்த கைதான் பலமானது. புதிதாகச் செய்பவர்களின் நோட்டில் பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை பசையை இன்னும் அள்ளிப் பூசுவார்கள். அது சிக்கலைத் தீர்க்காது.

ஏன் என்று பார்ப்போம். சாதாரண 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். தாள்களை இறுக்கி அடுக்கி முதுகின் மேல் பசை தடவினால், ஒவ்வொரு தாளையும் பிடித்துக்கொள்ள அந்த 0.1 மில்லிமீட்டர் விளிம்பு மட்டுமே பசைக்குக் கிடைக்கிறது. மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் இந்தப் பரப்பு கூடாது. கடிதம் எழுதும் லெட்டர் பேடுகள் இப்படித்தான் ஒட்டப்படுகின்றன. அவற்றில் தாள் சுலபமாகக் கிழிந்து வர வேண்டும் என்பதே நோக்கம். நோட்டில் தாள் நிற்க வேண்டுமென்றால், பசை இரண்டு தாள்களுக்கு நடுவே மயிரிழை அளவாவது நுழைய வேண்டும். தாளின் முன்பக்கம் அரை மில்லிமீட்டர், பின்பக்கம் அரை மில்லிமீட்டர் பசை பிடித்தாலே ஒட்டும் பரப்பு ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடுகிறது. இந்த வேலையின் அடிப்படை இதுதான்.

அப்படி நுழைப்பதற்கு எளிய வழி, அடுக்கை ஒரு பக்கமாக விசிறிபோல் சாய்த்துப் பசை தடவி, மறுபக்கமாகச் சாய்த்து இன்னொரு முறை தடவுவது. இந்த முறை எமில் லும்பெக் என்ற ஜெர்மானியரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1930களில் அவர் வெள்ளைப் பசையைக் கொண்டு இதைப் பரவலாக்கினார். அதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1836-இல், இங்கிலாந்தில் வில்லியம் ஹான்காக் ரப்பர் கரைசலால் தாள்களை ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அப்படிக் கட்டிய படப் புத்தகங்கள் அழகாகத் திறந்தன. ஆனால் ஆண்டுகள் போகப் போக ரப்பர் உலர்ந்து பொடிந்து, தாள்கள் உதிர்ந்துவிட்டன. காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் பசை கிடைத்த பிறகுதான் பசைக்கட்டு நம்பத் தகுந்ததாயிற்று. அந்தப் பசை இன்று எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கிறது என்பது நமக்கு வாய்த்த வசதி.

இனி காகிதத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் பசையைப் பற்றியே கவலைப்படுவார்கள். பாதி வேலையைக் கெடுப்பது காகிதம். இயந்திரத்தில் செய்யும் காகிதத்துக்கு ஒரு திசை உண்டு. கூழ் ஓடும் போக்கிலேயே நார் இழைகள் படிந்துவிடுகின்றன. ஈரம் பட்டால் காகிதம் இழை ஓடும் திசையில் அதிகம் நீளாது, குறுக்குத் திசையில்தான் விரியும். பசையில் தண்ணீர் இருக்கிறது. இழை முதுகுக்குக் குறுக்கே ஓடினால், பசை பட்ட விளிம்பு முதுகின் நீளவாக்கில் விரியப் பார்க்கும், தாளின் மற்ற பகுதி விடாது. முதுகோரம் முழுக்க அலை அலையாகச் சுருங்கிவிடும். அது காய்ந்த பிறகும் போகாது. தாள்களும் விறைத்து நிற்கும், திறந்து வைத்தால் படுக்காது; கையால் அழுத்த அழுத்த முதுகுதான் பிளக்கும். ஆகவே இழை எப்போதும் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும்.

இழையைக் கண்டுபிடிப்பது எளிது. தாளை மடிப்பு விழாமல் நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்குவாக்கில் ஒரு முறையும் மெல்ல வளைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவில் மடிப்பு விழுந்தால் மடிப்புக் கோடு எந்தத் திசையில் இருக்குமோ, அந்தத் திசையில் இழை ஓடுகிறது. சந்தேகம் தீரவில்லையென்றால் இரண்டங்குலச் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, எது நீளப் பக்கம் என்று பேனாவால் குறித்துவிட்டு, ஒரு முகத்தை மட்டும் ஈர விரலால் தடவுங்கள். துண்டு சட்டென்று குழலாகச் சுருளும். குழல் எந்தத் திசையில் கிடக்கிறதோ அதுவே இழையின் திசை. கிழித்தும் பார்க்கலாம், இழையோடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும்.

இதில் தொடக்கக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில், அதாவது 297 மில்லிமீட்டர் பக்கமாக ஓடும். எல்லோரும் முதலில் செய்வது அதை இரண்டாக வெட்டி ஏ5 அளவில் நோட்டுக் கட்டுவது. அப்படி வெட்டும்போது இழை குட்டைப் பக்கமாக மாறிவிடுகிறது. நீளப் பக்கத்தில் பசை தடவினால் எல்லாம் தப்பாகிவிடும். அதே தாளை நான்காக வெட்டி ஏ6 ஆக்கினால், 105-க்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு தாளில் இழை மறுபடி நீளப் பக்கமாக வந்து நிற்கிறது. சட்டைப் பையில் வைக்கிற அளவு. முதல் நோட்டுக்கு இதையே பரிந்துரைப்பேன். ஏ5-தான் வேண்டும் என்றால், குட்டைப் பக்கத்தில் பசை வைத்து, நிருபர்கள் வைத்திருப்பதுபோல் மேல்நோக்கிப் புரட்டும் நோட்டாகக் கட்டுங்கள். அதில் இழை சரியாக அமையும்.

இருபத்தைந்து ஏ4 தாள்களிலிருந்து நூறு சிறு தாள்கள், அதாவது இருநூறு பக்கம் கிடைக்கும். அடுக்கின் கனம் சுமார் 10 மில்லிமீட்டர். இது கைக்கு அடங்கும், முதுகிலும் பசை நிற்க இடம் இருக்கும். முப்பது, நாற்பது தாளில் கட்டினால் முதுகு மெல்லிசாகி அட்டை சரியாக உட்காராது. வெட்டும் வேலையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். பைண்டிங் கடையிலோ பெரிய ஜெராக்ஸ் கடையிலோ கட்டிங் மெஷின் இருக்கும். நான்காக வெட்டித் தரச் சொன்னால் நொடியில் முடித்துத் தருவார்கள். கத்தியும் ஸ்கேலும் வைத்து நூறு தாளை ஒரே அளவாக வெட்டுவது தேர்ந்த கைக்கே கடினம். வழவழப்பான ஆர்ட் பேப்பரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பசை அதன் மேல்பூச்சைத்தான் பிடிக்கும், பூச்சோடு உரிந்து வந்துவிடும். லேசரில் அச்சிட்ட தாளாக இருந்தால் முதுகோரத்தில் மை இல்லாத பக்கமாகப் பார்த்து அடுக்குங்கள்.

பசை, வெள்ளைப் பசைதான். பாலிவினைல் அசிட்டேட் என்ற பொருளால் ஆனது. ஃபெவிகால் என்று எல்லோரும் சொல்வது இந்த வகை. ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே தரம் என்று எண்ண வேண்டாம். வாங்கிய பசையை ஒரு பாலித்தீன் உறையின் மேல் மெல்லிய பட்டையாகத் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். உரித்து எடுத்து மடித்துப் பாருங்கள். ரப்பர்போல் வளைந்து மீண்டால் எடுத்துக்கொள்ளலாம். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ உடைந்தாலோ அது மரத்துக்கு ஏற்றது, நோட்டுக்கு ஏற்றதில்லை. உடனே ஒட்டும் சூப்பர் பசைகள் கண்ணாடிபோல் விறைத்துப்போகும், வேண்டவே வேண்டாம். சூடாக உருக்கி ஒட்டும் துப்பாக்கிப் பசை தாள்களுக்கிடையே நுழைவதற்குள் கெட்டியாகிவிடும். அச்சகங்களில் சூட்டுப் பசைதானே போடுகிறார்கள் என்று கேட்கலாம். அங்கே முதுகை முதலில் இயந்திரத்தில் செதுக்கி நாரைக் கிளப்பிவிட்டுத்தான் பசை ஏற்றுகிறார்கள். மயில்துத்தம் கலந்து காய்ச்சும் மைதா பசை நம் பைண்டிங் கடைகளின் பழைய துணை. அட்டைக்குத் துணியோ காகிதமோ ஒட்ட அதற்கு இணையில்லை. தாள்களைத் தனியாகத் தாங்கும் வளைவு மட்டும் அதற்கு இல்லை.

இவற்றோடு வேண்டியவை: ஒரு அடி மர ஸ்கேல் இரண்டு, பெரிய பைண்டர் கிளிப் நான்கு, அரை அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று, செய்தித்தாள் சுற்றிய செங்கல் இரண்டு. முதுகில் ஒட்ட மருந்துக் கடையில் விற்கும் காஸ் துணி, அல்லது நைந்த பழைய வேட்டித் துணி. நெசவின் சிறு துளைகள் வழியே பசை ஊடுருவ வேண்டும் என்பதால் நெருக்கமான கெட்டித் துணி ஆகாது.

தாள் அடுக்கை மேசையில் முதுகுப் பக்கம் கீழாக வைத்துத் தட்டித் தட்டிச் சமன் செய்யுங்கள். பிறகு மேல் விளிம்பில் தட்டுங்கள். விரல் நுனியை முதுகில் ஓட்டினால் எந்தத் தாளும் தட்டுப்படக் கூடாது; இதற்கு எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும், இங்கே அவசரப்பட்டால் பின்னால் திருத்த வழியில்லை. இப்போது முதுகுக்கு எதிர்ப்பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, இரு புறமும் ஸ்கேலை வைத்துக் கிளிப்பால் இறுக்குங்கள். முதுகு மேலே தெரியும்படி அடுக்கை இரண்டு செங்கல்களுக்கு நடுவே நிறுத்துங்கள். கீழே இறுகப் பிடித்திருக்க, மேல்பாதி எந்தப் பக்கமும் சாயும் நிலையில் இருக்க வேண்டும்.

இடது உள்ளங்கையால் அடுக்கை வலப்புறமாகச் சாயுங்கள். தட்டையாக இருந்த முதுகு இப்போது படிப்படியாக விரிந்து, ஒவ்வொரு தாளின் ஓரமும் அடுத்ததைத் தாண்டி மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கும். பிரஷில் பசையை அளவாகத் தோய்த்து, முதுகின் நடுவில் வைத்து ஒரு முனை நோக்கி இழுங்கள். மறுபடி நடுவிலிருந்து மறு முனைக்கு. முனையிலிருந்து உள்ளே இழுத்தால் பசை ஓரத்தில் வழிந்து தாள்களை மேலிருந்தே ஒட்டிவிடும். பிரஷை அழுத்த வேண்டாம். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் தாள் கோடுகள் மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பசை அதிகம். உடனே கையை மாற்றி அடுக்கை இடப்புறமாகச் சாய்த்து அதே போல் ஒரு பூச்சு. பசை தோல் கட்டுவதற்குள் இரண்டையும் முடித்துவிட வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் தாராளம். கையை எடுத்தால் கீழே பிடித்திருக்கும் கிளிப்புகள் தாள்களைத் தாமாகவே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பசை தொடாமல் வெறும் அடுக்கை வைத்துச் சாய்த்துப் பழகிக்கொண்டால் உண்மையான வேலையில் கை தடுமாறாது.

இப்போது பாலித்தீன் சுற்றிய வேறு இரண்டு ஸ்கேலையோ மரப்பட்டையையோ முதுகிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்துக் கிளிப்பால் இறுக்குங்கள். வெள்ளைப் பசை பாலித்தீனில் ஒட்டாது. முதுகின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, காஸ் துணியை நடுவில் பதித்து, மேலே விரலால் பசையை அழுத்தி ஊட்டுங்கள். துணி முதுகைவிட இரு புறமும் ஏழு, எட்டு மில்லிமீட்டர் அகலமாக இருக்கட்டும். நீளத்தில் மேலும் கீழும் சற்றுக் குறைந்தே இருக்கட்டும். பசை தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் கிளிப்பை எடுத்து, துணியின் இரு ஓரங்களையும் முதல் தாளிலும் கடைசித் தாளிலும் மடித்து ஒட்டிவிடலாம். ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள். வெயிலில் வைத்துக் காயவைக்க வேண்டாம். மேல் தோல் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். வெள்ளை நிறம் முழுக்கப் போய்க் கண்ணாடிபோல் ஆனால்தான் காய்ந்ததாக அர்த்தம்.

தாள் கனமாகவோ நோட்டு பெரிதாகவோ இருந்தால் முதுகில் சிறு வெட்டுகள் போடும் வழக்கம் உண்டு. ஆக்ஸா பிளேடால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கே அறுத்து, அந்தக் கோடுகளில் பசை தோய்த்த பருத்தி நூலைப் பதிப்பார்கள். சட்டைப்பை நோட்டுக்கு இது தேவைப்படாது.

அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் அளவிலான அட்டை போதும். அலுவலகக் கோப்பு அட்டை மிக நன்றாக இருக்கும். இங்கேயும் இழை முதுகுக்கு இணையாகத்தான். குறுக்கு இழையில் மடித்தால் அட்டை வெடித்து நார் தெரியும். முதுகின் கனத்தைக் காய்ந்த பிறகு அளந்துகொள்ளுங்கள், பசை ஏறியதில் ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கும். ஒரு காகிதப் பட்டையை முதுகில் சுற்றி நகத்தால் குறித்தால் அளவு துல்லியமாகக் கிடைக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேலை ஒட்டி நான்கு கோடு அழுத்துங்கள்: முதுகின் இரு ஓரத்துக்கு இரண்டு, அவற்றிலிருந்து எட்டு மில்லிமீட்டர் தள்ளி இரு புறமும் ஒவ்வொன்று. வெளியே உள்ள இந்த இரண்டு கோடுகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அட்டை திறக்க வேண்டியது அங்கேதான். முதுகிலும் இந்த எட்டு மில்லிமீட்டர் பட்டைகளிலும் பசை தடவி அட்டையை ஒட்டினால், அட்டையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இழுவை அந்தக் கோட்டில் நின்றுவிடும், முதுகுக்குப் போகாது. துணியின் ஓரமும் பட்டைக்கு அடியில் மறைந்துவிடும்.

அட்டையை எல்லாப் பக்கமும் கொஞ்சம் பெரிதாகவே வெட்டி ஒட்டி, செங்கல்லுக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள். மறுநாள் அதே கடைக்குக் கொண்டுபோய், முதுகு தவிர மூன்று பக்கமும் ஒரு நூல் அளவு (சுமார் 3 மில்லிமீட்டர்) வெட்டித் தரச் சொல்லுங்கள். அட்டையும் தாளும் ஒரே மட்டத்துக்கு வந்து, கடையில் வாங்கிய நோட்டுக்கு நிகராக நிற்கும்.

புது நோட்டை எடுத்ததும் நடுவில் விரித்து அமுக்காதீர்கள். முதுகை மேசையில் நிறுத்தி, முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாறி மாறிப் படியவைத்துக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். பசை முழு நீளத்துக்கும் சீராக வளையப் பழகும். பிறகு நடுவில் ஒரு தாளை இரண்டு விரலால் பிடித்து நேராக இழுத்துப் பாருங்கள். தாள் கசங்கும், வராது.

எல்லாவற்றுக்கும் பசைக்கட்டு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நீர்வண்ணம் தீட்டும் கெட்டித் தாள் என்றால் தையலுக்குத்தான் போக வேண்டும். அந்தக் கெட்டித் தாள் பசையின் பிடியை நெம்பிவிடும். தலைமுறைக்கு வைத்துப் போற்ற வேண்டிய குடும்பக் கணக்கு, கையெழுத்துப் பிரதி போன்றவற்றுக்கும் மடித்த தாள் கட்டுகளை, அதாவது பாரங்களை, தைப்பதே முறை. மடிப்பே இல்லாத தனித்தாள்களுக்குத்தான் பசைக்கட்டு பிறந்தது. அலுவலகத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தால் அவையே போதும்.

அதைவிட நல்ல மூலப்பொருள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கிடைக்கிறது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்து ஒன்றாகக் கட்டி ரஃப் நோட்டாக்கும் வழக்கம் நம் வீடுகளில் நெடுநாளாக உண்டு. அவற்றுக்கு இந்த முறை அப்படியே பொருந்தும். ஒரே அளவு நோட்டுகளாகப் பார்த்துச் சேர்த்து, நடுமடிப்பையும் ஸ்டேப்பிள் துளையையும் தாண்டி ஒரு நூல் உள்ளே வெட்டித் தள்ளிவிடுங்கள். கோடுகள் ஒரே நேரில் வரும்படி அடுக்குங்கள். ஒவ்வொரு நோட்டிலிருந்தும் ஒரு தாளை எடுத்து இழையைச் சோதித்த பிறகு பசையைத் திறவுங்கள். ஒன்றில் மட்டும் இழை குறுக்கே ஓடினால் அதைத் தனியே எடுத்துவைத்து மேல்நோக்கிப் புரட்டும் நோட்டாகக் கட்டிக்கொள்ளலாம்.